சிறு குளத்திற்கு மேலுள்ள கழிவுநீரை மீண்டும் பயன்படுத்தலாமா? வவுனியா வடக்கிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: குளக்கட்டு (வவுனியா வடக்கு)

வணக்கம். கனகராயன் ஆற்றின் மேற்படுகையில் உள்ள ஒரு சிறு குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றில் செயலாளராக இருக்கிறேன். மாரிப் போகமான காலபோகத்தை மழையும் குளமும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. கோடைப் போகமான சிறுபோகத்திற்கோ, குளத்தில் எஞ்சி நிற்கும் நீரைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த பின்னர், வயற்பரப்பின் ஒரு பகுதியை மட்டும் பங்கு பிரித்து விதைக்கிறோம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் பெரும்பகுதி வயல் வெறுமனே கிடக்கிறது.

மீள்குடியேற்றத்திற்குப் பின்னர் குளத்தின் நீரேந்துப் பகுதியில் வீடுகள் பெருகியுள்ளன. அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 தொன் நெல் அவிக்கும் ஆலை ஒன்றும், நீரை நுண்சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரித்துக் குடிநீராக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் இயங்குகின்றன. ஆலையில் நெல்லை ஊறவைத்த ஊறல் நீரும், ஆர்.ஓ. நிலையம் வெளியேற்றும் நீரும், வீடுகளின் குளியலறை, சமையலறை நீரும் தாழ்வான பக்கமாக ஓடி, மாரியில் குளத்தில்தான் சேர்கின்றன. பிரதேச மட்டக் கூட்டமொன்றில் நீர் முகாமைத்துவத்தில் சுழற்சிப் பொருளாதாரம் என்ற தலைப்பில் உரையாற்றிய அலுவலர், பயன்படுத்திய நீரையும் அதிலுள்ள உரச்சத்தையும் வீணாக்காமல் மீண்டும் உற்பத்திக்குக் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தினார். அதன் பின்னர் எங்கள் அமைப்பு இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. இந்த நீரை வாய்க்காலில் திருப்பிச் சிறுபோகப் பரப்பைக் கூட்டலாம் என்கிறது ஒரு சாரார். நாங்கள் உண்ணும் நெல்லுக்கு இந்த நீரைக் கட்டவே கூடாது என்கிறது மற்றச் சாரார்.

இது பாதுகாப்பானதா, இதனால் உண்மையிலேயே கூடுதல் நீர் கிடைக்குமா அல்லது குளத்திற்கு வரவேண்டியதையே வழியில் மறிப்பதாக முடியுமா, பெரிய நிதி இல்லாத ஓர் அமைப்பு எதில் கை வைக்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: துருசடி

ஐயா, நீர்ப்பாசன வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கூடுதல் நீர் கிடைக்குமா என்ற கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தொடங்கும் வேலை கீழ்க் குளத்துக்காரருடன் பிணக்கில்தான் போய் முடியும்.

வன்னியில் நீர் ஒரு முறையோடு தீர்ந்துபோவதில்லை. மேல் குளத்தின் துருசு (மதகு) வழியே வயலுக்குப் போன நீரில், பயிர் எடுத்ததும் வெயில் எடுத்ததும் போக மீதியானது கழிவு வாய்க்காலாலும் நிலத்துக்குக் கீழாலும் நகர்ந்து அடுத்த குளத்தை அடைகிறது. அங்கே அது மீண்டும் வயலுக்குப் போகிறது, மீண்டும் கீழிறங்குகிறது. இலங்கையின் உலர் வலயத்தில் உள்ள இந்தக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமமடுக்குளத்தின் பக்கமாகத் தொடங்கும் கனகராயன் ஆறு வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைக் கடந்து கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. மிஞ்சுவது சுண்டிக்குளம் கடனீரேரியில் சேர்கிறது. ஆகவே உங்கள் குளத்தில் கசிந்ததும், நிரம்பி வான் (மிகைநீர் வெளியேறும் வழி) பாய்ந்ததும் வேறொருவரின் துருசில் தண்ணீராக வருகின்றன. வாய்க்கால் முழுவதற்கும் கொங்கிறீட் போட்டுக் கசிவை நிறுத்தினால் இத்தனை ஏக்கர் கூடும் என்று கணக்குக் காட்டுபவர்கள், அந்தக் கசிவால் ஊறிக்கொண்டிருந்த கீழ்ப்பக்கக் கிணறுகள் வற்றுவதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனவே உண்மையான ஆதாயம் எங்கே இருக்கிறதென்றால், வேறு எவருக்கும் பயன்படாமல் அழியும் நீரில்தான் இருக்கிறது. வெறுமனே ஆவியாகும் நீர் அதிலொன்று. எவரும் தொட முடியாதபடி அழுக்கடைந்த நீர் இன்னொன்று. உங்கள் ஆலை நீர் இரண்டாவது வகை. ஆனால் அதன் அளவை முதலில் பாருங்கள். ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஏறத்தாழ ஒரு லீற்றர் அல்லது சற்று அதிகமான நீர் செல்லும். 5 தொன்னுக்கு 5,000 முதல் 6,000 லீற்றர். நூறு நாள் சேர்த்தாலும் 600 கன மீற்றரைத் தாண்டாது, அதாவது அரை ஏக்கர் அடி (அரை ஏக்கர் நிலத்தில் ஓர் அடி ஆழத்திற்கு நிற்கும் நீர்). சிறுபோக நெல்லுக்கு ஓர் ஏக்கருக்கு மூன்று, நான்கு ஏக்கர் அடி செல்லும் இடத்தில், அந்த ஆலையின் முழு நீரும் கால் ஏக்கருக்குக் கூடப் போதாது. சிறுபோகப் பரப்பைக் கூட்டலாம் என்ற எதிர்பார்ப்பை அமைப்பு இங்கேயே விட்டுவிடுவது நல்லது. அதே நீரை, ஒரு மரத்திற்கு நாளொன்றுக்கு 80 லீற்றர் என்று பகிர்ந்தால், அறுபதுக்கு மேற்பட்ட தென்னைகள் கோடையைத் தாண்டிவிடும்.

அளவைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. நீர் சுற்றிச் சுற்றி வரும் நிலத்தில், நீரோடு சேர்ந்ததும் சுற்றி வரும். அநுராதபுர நகரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயாதான் எங்கள் பக்கத்தில் அருவியாறு. தேக்கம் அணைக்கட்டில் மறித்து அந்த நீரைத்தான் கட்டுக்கரைக்குளத்திற்கும் அகத்திமுறிப்புக்கும் விடுகிறோம். மன்னாரின் நெல் யாருடைய வடிகாலில் விளைகிறது என்பதை அந்த ஆற்றின் போக்கே சொல்லும். உங்கள் ஊர் அந்த நகரத்தைவிட மிகச் சிறியது, ஆனால் உங்களுக்குக் கீழே இரணைமடு இருக்கிறது.

பதில் 2: சுகாதாரப்பணி (மன்னார்)

பொதுச் சுகாதாரப் பரிசோதகராகக் கடமையாற்றுபவன் என்ற முறையில் பாதுகாப்புப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட மூன்று நீரும் தன்மையில் ஒன்றுக்கொன்று வேறானவை. அவற்றை ஒரே வாய்க்காலில் விட்டுவிட்டால் பின்னர் எதையும் சரிசெய்ய முடியாது. நான்காவதாக ஒன்றையும் நீங்கள் குறிப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள், அது மலசலகூடக் குழி. மாரியில் எங்கள் நிலத்தில் நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் ஏறிவிடுவதால், கோடையில் பாதுகாப்பாகத் தெரியும் குழி மார்கழியில் கிணற்றோடு தொடர்புபட்டுவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்று நாங்கள் சொல்லும் விதியே குறைந்தபட்சந்தான். உங்கள் நீரேந்துப் பகுதியில் எத்தனை வீடுகளில் அடி மூடிய தொட்டி இருக்கிறது, எத்தனை வீடுகளில் வெறும் குழி இருக்கிறது என்ற பட்டியல் உங்கள் கையில் இல்லாவிட்டால், மறுபயன்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அதைத் தயாரியுங்கள்.

கழிவுநீரை விவசாயத்திற்குப் பயன்படுத்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டல்கள், சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கச் சொல்வதில்லை. பயிரைத் தெரிவு செய்தல், நீர் இலையில் படாமல் வேரடியில் விடுதல், கடைசி நீருக்கும் அறுவடைக்கும் இடையில் நாட்கள் விடுதல், கழுவுதல், சமைத்தல் என்று ஒன்றின் பின் ஒன்றாகத் தடைகளை வைக்கச் சொல்கின்றன. குடற்புழு முட்டை ஒரு லீற்றரில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அளவும் அதில் உண்டு. இதன்படி பார்த்தால் சமையலறை, குளியலறை நீரை, கொழுப்பைத் தடுக்கும் சிறு தொட்டியொன்றினூடாக விட்ட பின்னர், வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் வல்லாரைக்கும் விடக் கூடாது. குழந்தைத் துணி கழுவிய நீரை மலக்கழிவாகவே கருத வேண்டும்.

ஆர்.ஓ. நீர் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் நீரில் பாதி குடிநீராக வந்தால், முழு நீரிலும் இருந்த உப்பும் கல்சியமும் புளோரைட்டும் மற்றப் பாதியில் ஏறத்தாழ இரு மடங்காகச் செறிந்து வெளியேறுகின்றன. பார்வைக்கு அது தெளிந்த நீராகவே இருக்கும், அதனால்தான் மக்கள் பயமின்றித் தோட்டத்திற்கு விடுகிறார்கள். கிணற்று நீரிலுள்ள புளோரைட்டுக்குப் பயந்து நிலையத்தை அமைத்துவிட்டு, அதே புளோரைட்டைச் செறிவாக்கி அதே நிலத்தடிக்குத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். அந்த நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் பயன்படுத்தி, அந்த அளவுக்குக் கிணற்று நீரை மிச்சப்படுத்தலாம். அப்போதும் உப்பு மறைந்துவிடாது, ஆகவே ஆர்.ஓ. நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் என்று வரையறுத்து, வெளியேறும் அளவையே குறைக்க வேண்டும்.

கூரை மழைநீரையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஐந்து பேர் கொண்ட வீட்டிற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் என்றால், மாரியில் நிரம்பிய 5,000 லீற்றர் தாங்கி 200 நாட்களுக்குப் போதும். முதல் மழையை வெளியே விட்டு, தாங்கியை இருட்டாக மூடி வைத்தால் அதில் புளோரைட்டும் இல்லை, கடினத்தன்மையும் இல்லை. மழைநீர் சேகரிப்புக்கு நாட்டில் 2005 முதல் தேசியக் கொள்கை இருந்தும், இன்னும் எத்தனையோ வீடுகளில் பீலிகூடப் பொருத்தப்படவில்லை.

பதில் 3: வட்டக்கச்சி வாசி

ஆலை நீர் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். எங்கள் உறவினரின் அவியல் ஆலையில் கணக்கு வழக்குகளைப் பார்த்து வருகிறேன், அயலிலுள்ள தோட்டமும் எங்களுடையது.

ஊறல் நீரின் நாற்றத்தைப் பார்த்து அதை நஞ்சென்று பலரும் நினைக்கிறார்கள். நெல்லிலிருந்து இறங்கிய மாச்சத்தும் சர்க்கரையும் புளித்து அழுகுவதால் வரும் நாற்றம் அது. பொஸ்பரசும் பொட்டாசியமும் அதில் இருக்கின்றன. அப்படியே குளத்தில் விட்டால் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் எடுத்துவிடும், மீன் செத்து மிதக்கும். ஆய்வுகூடத்தில் பி.ஓ.டி. என்று அளப்பது இந்த ஒட்சிசன் தேவையைத்தான். ஊறல் நீரில் அது லீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி, ஆற்றிலோ குளத்திலோ விடுவதற்கு 30 மில்லிகிராம்தான் எல்லை; பாசனத்திற்காக நிலத்தில் விடுவதற்கு எல்லை 250. இந்த வித்தியாசத்தை உங்கள் ஆலை உரிமையாளரிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். 30க்குக் கொண்டுவர இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். 250க்குக் கொண்டுவர, அடையவிடும் தொட்டி, மூடிய தொட்டி, புல் வளர்ந்த படுகை என்று மூன்றைக் கட்டிப் பராமரித்தால் எட்டக்கூடிய தூரந்தான். சட்டமே நிலத்தின் பக்கம் வழி காட்டும்போது எதற்காகக் குளத்தில் விட வேண்டும்?

அதற்கு முன்னதாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைக்கும் ஆலைகளில்தான் நீர் இவ்வளவு மோசமாகப் புளிக்கிறது. 60 முதல் 70 பாகை வெந்நீரில் சில மணித்தியாலம் ஊறவைத்தால் புளிப்பும் நாற்றமும் பெருமளவு குறைகின்றன, அரிசியிலும் அந்த வாடை வராது. எரிப்பதற்கு உமி ஆலையிலேயே கிடக்கிறது. உறவினர் இதற்கு மாறியது குளத்தை நினைத்து அல்ல, வாடையில்லாத அரிசிக்குக் கிடைத்த விலைக்காகத்தான். எப்படியானாலும் வெளியே வரும் நீர் மாறியது. உங்கள் ஆலைக்காரரிடமும் அபராதத்தைச் சொல்வதற்கு முன்னர் விலையைச் சொல்லிப் பாருங்கள்.

நாங்கள் அந்த நீரைச் சுண்ணாம்பால் புளிப்புக் குறைத்து, தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் மாற்றி மாற்றி விடுகிறோம். ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் மண் அடைத்துப் பாசி படிகிறது, நுளம்பு பெருகுகிறது. மழைக்காலத்தில் நிலம் இந்த நீரை ஏற்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை அதைத் தேக்கி வைக்க இடமில்லையென்றால், கோடையில் செய்த நல்லதெல்லாம் அந்த மாதங்களில் குளத்திற்குள் போய்விடும். செலவுத் திட்டத்தில் மாரிக்குத் தேவையான தேக்கத் தொட்டியை முதலில் எழுதுங்கள்.

ஆலை நீரை எடுக்கும் காணிக்காரர் யார் என்பதை அமைப்பு முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். காணி ஆலைக்கு அருகில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குக் கோடை முழுவதும் நீரும் உரமும் கிடைக்க, கடைசி வாய்க்காலில் இருக்கும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த கூட்டத்திற்கு அவர்கள் வரமாட்டார்கள். புல்லை வளர்த்து மாடுள்ள எல்லோருக்கும் பங்கிடலாம் என்பது என் கருத்து.

பதில் 4: அறிவியல்நகர் மாணவன்

மேலே எழுதியவர்கள் நீரைப் பற்றிப் பேசினார்கள். நீரோடு போகும் உரத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வன்னியில் எந்த வயலும் தப்பவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் தடை நீங்கியது, ஆனால் விலை பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. ஒரு மனிதரின் உடலிலிருந்து ஆண்டொன்றுக்கு உணவுப் பழக்கத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 4 கிலோ நைதரசன் வெளியேறுகிறது, பெரும்பகுதி சிறுநீரில். ஓர் ஏக்கர் நெல்லுக்கு இடும் 90 கிலோ யூரியாவில் உள்ள நைதரசன் ஏறத்தாழ 41 கிலோ. இழப்பே இல்லையென்று வைத்தால் 10 முதல் 20 பேரின் ஓராண்டுக் கழிவில் ஓர் ஏக்கரின் ஒரு போகத்து யூரியா இருக்கிறது. இன்று அது குழிகளினூடாகக் கிணறுகளுக்குள் நைத்திரேற்றாக இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இது பல காலமாகவே பேசப்படும் பிரச்சினை.

ஆயினும் குழியில் எடுத்த சேற்றை நேரே வயலில் இடுவதை நான் ஆதரிக்கவில்லை. உமி, வைக்கோல், சாணம் ஆகியவற்றோடு குவித்து, குவியலின் உட்புறம் 55 பாகைக்கு மேல் பல நாட்கள் சூடேறி, புரட்டிப் புரட்டி வெந்த பின்னரே அது பசளை. இது பிரதேச சபை அளவில் செய்ய வேண்டிய வேலை, ஓர் அமைப்பால் முடியாது.

உங்களால் முடிவது குளத்து வண்டல். முன்னோர் கோடையில் வண்டலை வெட்டி வண்டிலில் வயலுக்கு ஏற்றியதும், வயலிலிருந்து கழுவுண்டு போன சத்தைத் திரும்ப எடுத்ததுதான். மேற்படிந்த வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அடியிலுள்ள களிமண் படையை உடைத்தால் குளம் ஒழுகத் தொடங்கும். மண் வியாபாரத்துக்காக ஆழமாகத் தோண்ட அனுமதிக்காதீர்கள். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுள்ள குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும், அவர்களின் எழுத்து அனுமதியோடு செய்யுங்கள்.

கேட்டவர்: குளக்கட்டு

ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அரை ஏக்கர் அடி என்ற கணக்கை அமைப்பின் கூட்டத்தில் வாசித்தேன். வாய்க்காலில் விட வேண்டும் என்று நின்றவர்களே, அப்படியானால் நெல்லுக்கு வேண்டாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆலை உரிமையாளர் வெந்நீர் ஊறலைப் பற்றிக் கேட்டறிய விரும்புகிறார். வட்டக்கச்சிச் சகோதரி இணங்கினால் அவரை அங்கே அழைத்து வருகிறேன். மலசலகூடக் குழிகளின் பட்டியலை இளைஞர்கள் எடுக்கிறார்கள். ஒரு சந்தேகம்: நீரைப் பரிசோதிப்பதாயின் எப்போது, எங்கே எடுக்க வேண்டும்?

பதில் 5: சுகாதாரப்பணி (மன்னார்)

இரண்டு காலத்திலும் எடுங்கள்: ஆவணியில் நீர் குறைந்திருக்கும்போது ஒன்று, மார்கழியில் வான் பாயும்போது ஒன்று. ஆலை வாய், ஆர்.ஓ. வாய், குளத்திற்குள் நீர் நுழையும் இடம், துருசடி, குளத்திற்குக் கீழே மக்கள் குடிக்கும் கிணறு ஒன்று ஆகியவை போதும். ஆலை நீரில் பி.ஓ.டி.யும் அமிலத்தன்மையும், கிணற்றில் நைத்திரேற்று, புளோரைட்டு, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஆகியவையும் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். ஈ.கோலைக்கான மாதிரியைக் கிருமியகற்றிய போத்தலில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். அவியல் ஆலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டிய தொழில்கள் என்பதால், ஆலைக்காரரிடம் பழைய அறிக்கை இருக்கக்கூடும், அதையும் கேட்டு வாங்குங்கள். கீழ்க் குளத்து அமைப்பின் தலைவரையும் மாதிரி எடுக்கும் நாளில் கூட அழைத்துச் செல்லுங்கள். முடிவுகள் இரு அமைப்புகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கட்டும்.